அம்மாவின் கிடாருக்குக் கால் சுற்று

“யாரும் இருமக் கூடாது. தும்மக் கூடாது. அப்பா, நீங்க மூக்கை உறிஞ்சவே கூடாதுங்க!”

உத்தரவு போட்டுவிட்டு, ஜெரோம் டேப் ரெக்கார்டரின் இரண்டு பட்டன்களையும் ஒன்றாக அமுக்கினான். கேசட் சுழலத் தொடங்கியது.

ஜெரோமுக்கு ஏழு வயது. அவன் மடியில் இருந்த கிடார் அவனைவிடக் கொஞ்சம்தான் சின்னது. அதன் வளைவுக்கு மேலே அவனுடைய கண்களும் மூக்கும் மட்டும்தான் தெரிந்தன. நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு தந்திகளை மீட்டினான். பிறகு பாடினான்.

“எண்ணெய் வெச்சோம், நகம் வெட்டினோம்,
பாலைக் குடிச்சோம், பாதி கொட்டினோம்,
சண்டை போட்டோம், சமாதானம் ஆனோம்,
ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போனோம்!”

இது ஜெரோமே கட்டிய பாட்டு. அவனுடைய அம்மா ஸ்டெல்லா, மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. அம்மா எழுதும் ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் ஒரு பட்டியல் இருக்கும். தலைக்கு எண்ணெய் வை, நகம் வெட்டு, பால் குடி, அக்காவோடு சண்டை போடாதே, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போ. அந்தப் பட்டியலுக்குத்தான் ஜெரோம் பாட்டாகவே பதில் சொல்லியிருந்தான்.

அம்மா வேலை செய்யும் மருத்துவமனையில் ஆம்புலன்ஸ் ஓட்டுபவர் சிக்கந்தர் மாமா. அவர் வீடு அடுத்த தெருவில்தான். லீவில் வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திரும்பிப் போகிறார். “கேசட்டை என் கையில குடுத்துருங்க. அப்படியே ஸ்டெல்லாக்கா கையில சேத்தறேன்” என்று சொல்லியிருந்தார்.

இன்றைக்கு வியாழக்கிழமை.

பாட்டு முடிந்ததும் ஜெரோம் கேசட்டைப் பின்னால் ஓட்டி, போட்டுக் கேட்டான். அவன் குரல் வந்தது. கூடவே இன்னொரு சத்தமும் வந்தது.

“கர்ர்ர்ர்… கர்ர்ர்ர்…”

தீப்பெட்டிக்குள் பிடித்துப் போட்ட வண்டு மாதிரி, ஒவ்வொரு மீட்டலுக்கும் அந்தச் சத்தம் கூடவே வந்தது.

“நான் மூக்கை உறிஞ்சலைங்க கண்ணு” என்றார் அப்பா அவசரமாக.

“அது மூக்கு இல்லீங்கப்பா, கிடாரு” என்றாள் அன்புக்கரசி.

அன்புக்கரசி ஜெரோமின் அக்கா. ஆறாம் வகுப்பு. அம்மா ஊருக்குப் போகும் முன் அவளுக்கு ஐந்து பாட்டு வாசிக்கக் கற்றுக்கொடுத்திருந்தார். அதில் இரண்டை அவள் ஜெரோமுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

ஜெரோம் மறுபடி வாசித்தான். மறுபடி கர்ர்ர். இன்னும் அழுத்திப் பிடித்தான். விரல் நுனி வெளுத்துப் போனது. அப்போதும் கர்ர்ர்.

அவன் கிடாரை மெதுவாகக் கட்டில்மேல் வைத்தான். பிறகு எழுந்து போய்த் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான்.

அன்பு அங்கே போய்க் குந்தினாள். “என்னடா?”

“நான் தொட்டதாலதான் கெட்டுப்போச்சு. நீ வாசிச்சப்ப நல்லாத்தானே இருந்துச்சு.”

“யாரு சொன்னது?”

“யாரும் சொல்லலை. எனக்கே தெரியுது. அம்மாவோட கிடாரை நான் கெடுத்துப்போட்டேன்.”

அன்பு போய்க் கிடாரை எடுத்துவந்தாள். டிரம்முக்குப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அம்மா கற்றுக்கொடுத்தபடி பதவிசாக விரல் வைத்து மீட்டினாள்.

கர்ர்ர்ர்.

ஜெரோமின் தலை டிரம்முக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது. “ஐ! உனக்கும் வருது!”

“ஆமா, எனக்கும் வருது.”

“அப்ப நான் இல்லை!”

“நீ இல்லை. வா வெளியே. யாருன்னு கண்டுபிடிப்போம்.”

கிடாரின் கழுத்தில் ஏணிப்படி போலக் குறுக்கே பதித்திருக்கும் கம்பிகளுக்கு ஃப்ரெட் என்று பெயர். அன்பு தன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டாள். ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி அவள் மீட்டினாள். சத்தம் வந்தால் ஜெரோம் பெருக்கல் குறி போட வேண்டும். வராவிட்டால் சரி குறி.

முடித்துவிட்டுப் பார்த்தபோது ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. பெருக்கல் குறி எல்லாம் கழுத்தின் மேல்பக்கம், முதல் நான்கு ஃப்ரெட்டுகளிலேயே கூட்டமாக நின்றன. அதற்குக் கீழே எல்லாம் சரி குறி.

“வியாதி கழுத்துலதான் இருக்குது” என்றான் ஜெரோம், அம்மா பேசும் குரலில்.

மறுநாள் பள்ளி விட்டதும், ஷிப்ட் முடிந்து வந்த அப்பாவோடு இருவரும் ஆர்.எஸ்.புரத்துக்குப் பஸ் ஏறினார்கள். அப்பா டவுன் பஸ் கண்டக்டர். அதனால் எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் அவருக்குத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். அன்றைக்கு டிக்கெட் கொடுத்தவரும் அப்படித்தான். கிடாரைப் பார்த்து, “ஏனுங்க, இவருக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?” என்று கேட்டார்.

“இவருக்கு உடம்பு சரியில்லைங்க” என்றான் ஜெரோம். “ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம்.”

கண்டக்டர் உடனே ஒரு சீட்டைக் காட்டி, “அப்ப உக்கார வைங்க, உக்கார வைங்க” என்றார்.

இசைக்கருவிக் கடை வைத்திருந்தவர் பெயர் வரதராஜுலு. அன்பு நீட்டிய கட்டம் போட்ட நோட்டைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். பிறகு கிடாரைத் துப்பாக்கி போலத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக் கழுத்தின் நீளத்துக்கும் பார்த்தார்.

“போன மாசம் மெலிசான தந்தி மாத்திட்டுப் போனீங்களே, அதோட வேலைதானுங்க இது” என்றார்.

அன்புவுக்கு முகம் சுண்டிப்போனது. மெலிசான தந்தி கேட்டு வாங்கியதே அவள்தான். பழைய தடித்த தந்திகளை அழுத்தி அழுத்தி ஜெரோமின் விரல் நுனிகள் கொப்புளித்திருந்தன. ஆனாலும் அவன் வாசிப்பதை நிறுத்தவில்லை. சோற்றுக்கு ரசம் ஊற்றிப் பிசையும்போது மட்டும் “ஸ்ஸ்” என்பான். அதைப் பார்க்க முடியாமல்தான் அவள் அப்பாவைக் கூட்டிவந்து தந்தி மாற்றினாள்.

“மெலிசான தந்தி போட்டா ஏன் சார் சத்தம் வருது?”

“இந்தத் தந்தி எல்லாம் சேந்து, கழுத்தை முன்பக்கமா இழுக்குமுங்க பாப்பா. கழுத்துக்குள்ள ஒரு இரும்புக் கம்பி இருக்குது. அது பின்பக்கமா இழுக்கும். ரெண்டும் சமமா இழுத்தாக் கழுத்து சரியா நிக்கும். நீங்க மெலிசான தந்தி போட்டதும் முன்னால இழுக்கற பலம் கொறைஞ்சுபோச்சு. உள்ளே இருக்கற கம்பி ஜெயிச்சுப் போட்டுது. கழுத்து கொஞ்சம் கொஞ்சமாப் பின்னால வளைஞ்சிருச்சு. இப்பத் தந்தி ஃப்ரெட் மேல உரசுது.”

“கயிறு இழுக்கற போட்டி மாதிரி” என்றான் ஜெரோம்.

“அதேதான்!”

“அந்தக் கம்பியைக் கொஞ்சம் விட்டுக் குடுக்கச் சொல்ல முடியாதுங்களா சார்?” என்று கேட்டாள் அன்பு.

வரதராஜுலு சிரித்தார். “முடியும். இந்த ஓட்டைக்குள்ள எட்டிப் பாரு, கம்பியோட நுனி தெரியும். ஆறு மூலை வெச்ச குழி. அதுல சாவி போட்டு இடப்பக்கம் திருகினாத் தளரும். ஆனா அதைச் செய்யறவர் எங்க பாலகோபாலுங்க. அவர் தங்கச்சி கல்யாணத்துக்குப் பாலக்காடு போயிருக்கறார். வர பத்து நாள் ஆகும்.”

“நீங்க திருக மாட்டீங்களா?”

“நான் விக்கறவன் பாப்பா, திருகறவன் இல்லை. பாலகோபாலே ஒரு தடவைக்குக் கால் சுத்துக்கு மேல திருக மாட்டார். அவசரப்பட்டாக் கம்பி முறிஞ்சுரும், கழுத்தும் போயிரும். பேசாம பழைய தடிமன்லயே தந்தி போட்டுக்கங்க. நாளைக்கே சரியாயிரும்.”

அப்பாவுக்கு இது பிடித்திருந்தது. “அப்படியே செஞ்சுருங்க. அம்மணி, நீ வாசி. தம்பி பாடட்டும்.”

“சரிங்கப்பா” என்றான் ஜெரோம் உடனே. “அக்கா நல்லா வாசிக்கும். நான் பாடினாப் போதும். அம்மாவுக்கு நான்தான் பாடறேன்னு தெரியுமில்ல?”

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் இடது கை விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கி, கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டான். ஒரு மாதமாக அந்த விரல்கள் பழகிய பழக்கத்தை அன்பு பார்த்திருக்கிறாள். காலையில் பல் விளக்கும்போதுகூட அவை பிரஷ்ஷின் மேல் கிடார் வாசிக்கும்.

“இன்னைக்குத் தந்தி மாத்த வேண்டாங்க சார்” என்றாள் அன்பு.

அப்பா திரும்பிப் பார்த்தார். “ஏன் அம்மணி?”

“நாளைக்கு ஒரு நாள் இருக்குங்கப்பா. யோசிச்சுட்டுச் சொல்றேன்.”

திரும்பும் பஸ்ஸில் அன்பு கிடாரின் ஓட்டைக்குள்ளேயே பார்த்துக்கொண்டு வந்தாள். சிங்காநல்லூரில் இறங்கியதும் அப்பாவே ஆரம்பித்தார். “நீ என்ன யோசிக்கறேன்னு எனக்குத் தெரியும். அது உங்கம்மாவோட கிடாரு. கல்யாணத்துக்கு முன்னாலயிருந்து வெச்சிருக்கறா. அது போச்சுன்னா, வந்து கேக்கும்போது நான் என்னன்னு சொல்லட்டும்?”

அன்புவுக்கும் அந்தப் பயம் இருந்தது.

சனிக்கிழமை காலையில் அப்பா வேலைக்குப் போனதும், அவளும் ஜெரோமும் கிடாரைத் தூக்கிக்கொண்டு நாச்சியம்மாள் பட்டறைக்குப் போனார்கள். பட்டறை அவர்கள் தெருவின் முனையில் இருந்தது. உள்ளே லேத் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். தண்ணீர் மோட்டாருக்கு வேண்டிய தண்டுகளைக் கடைந்து, மினுமினுவென்று அடுக்கி வைத்திருப்பார்கள். நாச்சியம்மாள் நீலச் சட்டையைச் சேலைக்கு மேலே போட்டுக்கொண்டு, காதில் பென்சில் செருகிக்கொண்டு நிற்பார்.

“ஏனுங்கக்கா, உங்க தண்டு எல்லாம் நேரா இருக்குதான்னு எப்படிங்க பாப்பீங்க?”

“இரும்பு ஸ்கேலை மேல வெச்சுப் பாப்பமுங்க கண்ணு. எதுக்கு?”

“இந்தக் கழுத்து வளைஞ்சிருக்குதான்னு பாக்கணுமுங்க.”

நாச்சியம்மாள் கிடாரை ஏற இறங்கப் பார்த்தார். “எனக்கு மோட்டாரைப் பத்திக் கேட்டாத் தெரியும். இதைப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஸ்கேலு வேணுமின்னா எடுத்துக்க.”

அன்பு நீளமான இரும்பு ஸ்கேலை வாங்கி, கிடாரின் நடுத்தந்திகள் இரண்டுக்கும் இடையில், ஃப்ரெட்டுகளின் மேல் நிற்க வைத்தாள். ஒரு முனையை ஜெரோம் விரலால் தொட்டான். அந்த முனை தாழ்ந்தது. மறுமுனை உயர்ந்தது. அந்த முனையைத் தொட்டால் இந்த முனை உயர்ந்தது.

“சீசா!” என்று கத்தினான் ஜெரோம்.

நாச்சியம்மாள் குனிந்து பார்த்தார். லேத் ஓட்டிக்கொண்டிருந்த திருமூர்த்தி அண்ணனும் எட்டிப் பார்த்தார்.

“நடுவுல மேடு தட்டியிருக்குது” என்றார் நாச்சியம்மாள். “சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்கறே. இப்ப என்ன செய்யப் போறே?”

அன்பு, கழுத்துக்குள் இருக்கும் கம்பியைப் பற்றிச் சொன்னாள். நாச்சியம்மாள் டார்ச் அடித்துக் கிடாரின் ஓட்டைக்குள் பார்த்தார். ஒரு மரப்பெட்டியைத் திறந்து, ‘ட’ எழுத்தின் மூலைபோல வளைந்த சாவிகளைக் கொட்டினார். “இதுக்குப் பேரு ஆலன் கீ” என்றார். ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார்கள். ஐந்தாவது சாவி குழிக்குள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தது.

“உங்கப்பாகிட்டக் கேட்டியா கண்ணு?”

“இன்னும் இல்லீங்கக்கா. நெசமாவே வளைஞ்சிருக்குதான்னு பாத்துட்டு, அப்புறம் கேக்கலாமின்னு இருந்தேன்.”

“அப்பச் சரி. சாவியும் ஸ்கேலும் கொண்டு போ. அப்பா வேண்டாமின்னா அப்படியே திருப்பிக் கொண்டாந்துரணும்.”

இரண்டு மணிக்கு அப்பா வந்தார். சாப்பிட்டு முடிக்கும்வரை அன்பு காத்திருந்தாள். பிறகு ஸ்கேலை வைத்துச் சீசாவைக் காட்டினாள். அப்பாவே தன் விரலால் இரண்டு முறை ஆட்டிப் பார்த்தார்.

“வளைஞ்சிருக்குது. ஒத்துக்கறேன். ஆனாத் திருகித் தப்பாப் போச்சுன்னா?”

அன்பு நோட்டைத் திறந்தாள். அதில் ஒரு கடிகாரம் வரைந்திருந்தாள்.

“சாவியைப் பொருத்தினா அதோட கை மேல பாத்து நிக்குதுங்கப்பா. அதைப் பன்னெண்டு மணின்னு வெச்சுக்கலாம். கால் சுத்துன்னா, பன்னெண்டுல இருந்து இடப்பக்கமா ஒன்பது மணிக்குப் போகணும். அவ்வளவுதான். தப்பாப் போச்சுன்னா ஒன்பதுல இருந்து திருப்பிப் பன்னெண்டுக்கே கொண்டாந்துருவேன். இப்ப எப்படி இருக்குதோ அப்படியே ஆயிரும். அப்புறம் தடித்த தந்தியே போட்டுக்கலாம்.”

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். “முறுக்கினாத்தானே முறியும்?” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். “நீ தளத்தத்தானே போறே?”

“ஆமாங்கப்பா.”

“எதுக்கு அம்மணி இவ்வளவு பாடு? நீ வாசிச்சாலும் உங்கம்மாவுக்குச் சந்தோசம்தானே.”

அன்பு வாசல் பக்கம் பார்த்தாள். ஜெரோம் படியில் உட்கார்ந்து, ஸ்கேலின் மேல் விரல்களை வைத்து, சத்தமே இல்லாமல் வாசித்துக்கொண்டிருந்தான்.

“அம்மா போகும்போது அவனுக்கு ‘கிடாரு’ன்னே சொல்ல வராதுங்கப்பா. ‘கிராடு’ம்பான்” என்றாள் அன்பு. “அவன் வாசிக்கறான்னு அம்மாவுக்குத் தெரியவே தெரியாது.”

அப்பா எழுந்து கட்டிலில் ஒரு போர்வையை விரித்தார். பிறகு, “வா, பிடிச்சுக்கறேன்” என்றார்.

கிடாரைப் போர்வை விரித்த கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். தந்திகளை எல்லாம் தளர்த்தினார்கள். அப்பா கிடாரின் உடம்பைப் பிடித்துக்கொண்டார். ஜெரோம் டார்ச் பிடித்தான். அன்பு சாவியைக் குழிக்குள் பொருத்தினாள்.

“பன்னெண்டு மணி” என்றாள்.

“பன்னெண்டு மணி” என்றான் ஜெரோம்.

அவள் மெல்ல இடப்பக்கம் அழுத்தினாள். சாவி அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

“டொக்!”

மூன்று பேரும் சிலையாகிவிட்டார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

அன்பு குனிந்து கழுத்தைத் தடவிப் பார்த்தாள். விரிசல் எதுவும் இல்லை. வருடக்கணக்கில் இறுகிக் கிடந்த திருகு விட்டுக்கொடுத்த சத்தம்தான் அது. சாவி இப்போது இலேசாக நகர்ந்தது.

“பதினொண்ணு… பத்து…” ஜெரோம் எண்ணினான். “ஒன்பது! நிறுத்து!”

அவள் நிறுத்தினாள். தந்திகளை மறுபடி முறுக்கிச் சுருதி சேர்த்தாள். ஜெரோம் வாசித்தான்.

கர்ர்… கர்ர்…

சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. ஆனால் போகவில்லை.

“அக்கா, இன்னொரு கால் சுத்து! ஆறு மணிக்குக் கொண்டு போ!”

அன்புவின் கை சாவியை நோக்கிப் போனது. அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“வேண்டாம். கழுத்து கெட்டுப்போனது ஒரே நாள்லயா? மெதுவாத்தானே வளைஞ்சுது. திரும்பி வரவும் அதுக்கு நேரம் வேணும். அஞ்சு மணி வரைக்கும் விடுவோம்.”

ஐந்து மணி வருவதற்குள் ஜெரோம் ஒன்பது தடவை கட்டில் பக்கம் போய்விட்டான். ஒவ்வொரு தடவையும் கிடாரின் காதில், அதாவது ஓட்டையில், வாயை வைத்து, “வந்துட்டியா?” என்று கேட்டான். பத்தாவது தடவை அப்பாவும் கூடப் போனார்.

ஐந்து மணிக்கு அன்பு ஸ்கேலை மறுபடி ஃப்ரெட்டுகளின் மேல் நிறுத்தினாள். ஜெரோம் முனையைத் தொட்டான். ஆடவில்லை. மறுமுனையைத் தொட்டான். ஆடவில்லை. நடுவில், ஸ்கேலுக்கு அடியில், நூல் போல ஒரு வெளிச்சம் தெரிந்தது.

“அதுல என்ன நுழையும்?” என்று அப்பா சட்டைப் பையைத் துழாவினார். ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்து நாலாக மடித்து நீட்டினார். அது சந்துக்குள் வழுக்கிக்கொண்டு போனது.

“வாசிடா” என்றாள் அன்பு.

ஜெரோம் கால்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டான். முதல் ஃப்ரெட்டில் விரல் வைத்து மீட்டினான்.

தந்தி கணீரென்று ஒலித்தது. அந்த நாதம் அறை முழுக்கச் சுற்றிவிட்டு மெல்ல அடங்கியது. வண்டும் இல்லை, தீப்பெட்டியும் இல்லை.

அவன் திரும்பி அக்காவைப் பார்த்தான். மறுபடி மீட்டினான். மறுபடியும். மறுபடியும். பிறகு, “ரெக்கார்டு! ரெக்கார்டு! யாரும் இருமக் கூடாது!” என்று கத்தினான்.

இந்தத் தடவை யாரும் இருமவில்லை. ஆனால் மூன்றாவது வரியில் பக்கத்து வீட்டுக் குக்கர் “உஸ்ஸ்ஸ்” என்று நீளமாக விசில் அடித்தது. ஜெரோம் நிறுத்தாமல் வாசித்து முடித்தான்.

“அழிச்சுப்போட்டு இன்னொரு தடவை எடுக்கலாமா?” என்று கேட்டார் அப்பா.

“இருக்கட்டுங்கப்பா” என்றாள் அன்பு. “நம்ம தெருச் சத்தம் கேட்டே அம்மாவுக்கு ரெண்டு வருசம் ஆச்சு.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிக்கந்தர் மாமா கேசட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டார். பையைத் தட்டிக் காட்டிவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், திருமூர்த்தி அண்ணன் மூச்சு வாங்க ஓடி வந்தார். “மஸ்கட்ல இருந்து போன்! சீக்கிரம் வாங்க!”

அம்மா எப்போது பேசினாலும் நாச்சியம்மாள் பட்டறை நம்பருக்குத்தான் பேசுவார். அப்பா, அன்பு, ஜெரோம் மூன்று பேரும் ஓடினார்கள்.

அன்புதான் முதலில் வாங்கிப் பேசினாள். “அம்மா! கேசட் வந்துருச்சுங்களா?”

மறுபக்கம் முதலில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“வந்துது கண்ணு” என்றார் அம்மா. “கிடாரு வாசிக்கறது நீயின்னுதான் நெனச்சேன். சிக்கந்தர்தான் சொன்னாப்ல. நெசமாவே நம்ம ஜெரோமா?”

“நெசமாத்தானுங்கம்மா.”

“எனக்கு நம்பிக்கை வரலை. அவனை வாசிக்கச் சொல்லு. இப்பவே கேக்கோணும்.”

அன்பு சொல்லி முடிப்பதற்குள் ஜெரோம் வீட்டுக்குப் பறந்துவிட்டான். தன்னைவிடக் கொஞ்சமே சின்னதான கிடாரை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, தெருவெல்லாம் ஆட்கள் ஒதுங்க ஓடி வந்தான். பட்டறைக்குள் லேத் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

“மெஷினை நிறுத்து!” என்றார் நாச்சியம்மாள்.

திருமூர்த்தி அண்ணன் சுவிட்சைத் தட்டினார். சக்கரம் சுற்றிச் சுற்றி நின்றது. பட்டறை அப்படி அமைதியாக இருந்து அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. ஜெரோம் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தான். அன்பு ரிசீவரைக் கிடாருக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்தாள்.

அவன் வாசித்தான். பாட்டு முழுவதும் தெளிவாக, ஒரு உரசல்கூட இல்லாமல் மஸ்கட்டுக்குப் போனது. முடிந்ததும் அன்பு ரிசீவரை அவன் காதில் வைத்தாள். அம்மா என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை. ஜெரோமின் முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்துகொண்டே போனது.

“சரிங்கம்மா” என்றான். “சரிங்கம்மா. ம்ம். சரிங்கம்மா.”

பேசி முடித்து ரிசீவரை வைத்தான். அப்புறமும் பெட்டியை விட்டு இறங்கவில்லை. மடியிலிருந்த கிடாரை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தான். திருமூர்த்தி அண்ணன் நாச்சியம்மாளைப் பார்த்தார். நாச்சியம்மாள் காதிலிருந்த பென்சிலை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அன்றைக்கு அந்தப் பட்டறையில் லேத் மறுபடி ஓட வெகுநேரம் ஆனது.